வீட்டுப் பலாமரத்தில் தலைமுறைக் கட்டில்: ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: குமரி மாவட்டத்தில் குடும்ப வீட்டு முற்றத்தில் நின்ற பழைய பலாமரம் காற்றில் சாய்ந்துவிட்டது. ஆறடிச் சுற்றளவு, கிளை பிரியும் இடம்வரை ஒன்பதடி நீளம். அதில் மகளுக்கு ஒரு கட்டில் செய்ய வேண்டும், அது அவள் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். பலா அவ்வளவு காலம் தாங்குமா, பேசாமல் தேக்கு வாங்கிவிடலாமா? தை மாதம் கல்யாணம், அதற்குள் முடியுமா?

பலா தாங்கும். தேக்கு வாங்க வேண்டாம். தைக்குள் முடியாது, முடிக்கவும் கூடாது. இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பலாவின் மேல் நம்பிக்கை வர நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில், ஒற்றைப் பலாமரத்தில் பூவேலை செதுக்கிய தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் செய்கிறார்கள். வைரம் பாய்ந்த பலாவைக் கரையான் எளிதில் தொடாது, இழைத்தால் வழவழப்பாக வரும். அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும். வருடங்கள் போகப் போகத் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகிவிடும். அதனால் யாராவது 'வால்நட் கலர் ஸ்டெயின் அடித்துத் தருகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நிறம் காசில்லாமல் தானாகவே வரும். ஈட்டி வாங்கலாமே என்று ஒரு மாமா கண்டிப்பாகச் சொல்லுவார். ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது; அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். உங்கள் பலாவை லாரியில் ஏற்றும் முன்னும் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மரத்தை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. நல்ல மரத்தில் செய்த பழைய கட்டில்கள் உளுத்துப்போய்க் குடும்பத்தை விட்டுப் போவது குறைவு. பெரும்பாலும் வாசற்படியில்தான் அவை தோற்கின்றன. பாகப்பிரிவினை நடக்கும், பெரிய வீடு விற்பனைக்கு வரும், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பார்கள். கூரை வைத்த சப்ரமஞ்சக் கட்டில் அங்கே எந்த அறையிலும் அடங்காது. பிரிக்கப் பார்த்தால் கால்களில் ஆணி இறங்கியிருக்கும். கடைசியில் பழைய பொருள் வியாபாரி வந்து எடுத்துப் போவார். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு நல்ல வேலைப்பாடெல்லாம் அங்கே வந்து நிற்கிறது என்று. எனவே உங்கள் கட்டிலுக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை மரத்தைப் பற்றியதோ செதுக்கு வேலையைப் பற்றியதோ அல்ல. இரண்டு பேர் அரை மணி நேரத்தில் பிரித்து, லிஃப்டில் ஏற்றி, இன்னொரு ஊரில் திரும்பப் பூட்ட முடிய வேண்டும். எந்த ஒரு பாகம் கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். கீழே சொல்லும் அளவு, பொருத்து, பசை, பாலிஷ் எல்லாமே இந்த நிபந்தனையிலிருந்து வருபவைதான்.

முதலில் மரம் போதுமா என்று கணக்குப் பார்ப்போம். மரக்கடைக் கணக்கில் சுற்றளவை நான்காக வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். ஆறடி என்றால் 72 அங்குலம். நாலில் ஒரு பங்கு 18. 18×18×9÷144 என்றால் 20 கன அடிக்குச் சற்று மேல் வருகிறது. உருட்டுக்கட்டையின் உண்மையான கன அளவில் இந்த முறை ஏறக்குறைய 78 சதவீதத்தைத்தான் காட்டும். மீதி, அறுவையில் போகும் சேதாரத்துக்கு என்று பழைய காலத்திலேயே விட்டுக்கொடுத்த பங்கு. ஐந்தடி அகலக் கட்டிலுக்கு இழைத்து முடித்த மரமாகச் சுமார் 5 கன அடி வேண்டும். அறுவை, இழைப்பு, ஒதுக்கும் துண்டுகள் எல்லாம் சேர்த்து 8 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் மரத்தில் வைரத்தை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் தாராளமாக வரும். கையில் இவ்வளவு இருக்கும்போது ஆசாரியிடம் 'வெளிறு ஒரு விரல்கூட வேண்டாம்' என்று கறாராகச் சொல்லலாம். பலாவில் பூச்சி முதலில் பிடிப்பது அந்த வெளுத்த வெளிப்பகுதியைத்தான். நடுக்குருத்து உள்ள பலகையையும் ஒதுக்குங்கள்; காலுக்கு அதை எடுத்தால் நெடுக வெடிக்கும்.

விழுந்த மரத்தைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு முனைகளிலும் பழைய பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ தடவிவிட்டு, சீக்கிரம் மில்லுக்குக் கொண்டு போய்ப் பலகையாக அறுத்துவிடுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு விழுகிறது. காலுக்கு மூன்றரை அங்குலக் கனம், நெடுஞ்சட்டத்துக்கு இரண்டு அங்குலம், பலகைக்கு ஒன்றேகால் என்று சொல்லி அறுக்கச் சொல்லுங்கள். காய்ந்து சுருங்கி இழைத்த பிறகு வேண்டிய அளவுக்கு வந்து நிற்கும். பச்சைப் பலகைகளைப் போரிக் ஆசிட்டும் போராக்ஸும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது உளுப்பூச்சிக்கு மலிவான தடுப்பு. ஈரம் உள்ள மரத்தில்தான் அந்த மருந்து உள்ளே இறங்கும், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

அடுத்து காயவைப்பது. அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சமமான தாங்கல் வைத்து, பலகைக்குப் பலகை முக்கால் அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றின் நேர் மேலே மற்றது வரும்படி அடுக்குங்கள். குச்சி நேராக நிற்காவிட்டால் பலகை அலைபோல் வளைந்துவிடும். மேலே பாரம் வையுங்கள். வெயில் படக் கூடாது, மழை படக் கூடாது, காற்று மட்டும் தாராளமாகப் போக வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. உங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் வருவதால் காய்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் குறைவு. அந்தக் கணக்கைக் குறைக்கப் பார்க்காதீர்கள். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையைக் குறித்துவைத்து மாதத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால் வேலைக்கு எடுக்கலாம். காத்திருக்க முடியாது என்றால், மரம் உலர்த்தும் சூளை உள்ள மில்லில் கொடுத்து வாங்கலாம். ஆனால் மூன்று அங்குலக் கால் கட்டைகளைச் சூளையில் அவசரமாக உலர்த்தினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மெல்லிய பலகைகளைச் சூளைக்கு அனுப்பி, காலுக்கு மட்டும் இடித்த பழைய வீட்டின் தேக்கு உத்திரத்தையோ தூணையோ தேடி வாங்குவது ஒரு நல்ல சமரசம். அது காய வேண்டிய அளவுக்கு எப்போதோ காய்ந்திருக்கும். அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பார்த்து உள்ளே புதைந்த ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ரம்பப் பல்லுக்கு மில்காரர் தனியாகக் காசு கேட்பார்.

அப்படியானால் தை மாதக் கல்யாணம்? சீர்வரிசையில் கட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் கடையில் சாதாரணமாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். பலாக் கட்டிலை முதல் பேரப்பிள்ளைக்கோ ஏதாவது ஒரு தீபாவளிக்கோ என்று வைத்துக்கொள்ளலாம். ஈரப் பலாவில் செய்த கட்டில் அடுத்த கோடையிலேயே கிறீச்சிடத் தொடங்கும்.

அளவைப் பொறுத்தவரை ஐந்தடிக்கு ஆறரை அடி மெத்தை, அதாவது 60-க்கு 78 அங்குலம், என்பது என் பரிந்துரை. இங்கே கடைகளில் மெத்தை நீளம் பொதுவாக 72, 75, 78 என்று வருகிறது. நீளமானதற்கே செய்துவிட்டால் பின்னால் குட்டை மெத்தை போட்டாலும் தலைமாட்டில் ஒரு பலகை வைத்துச் சமாளிக்கலாம். குட்டையாகச் செய்த கட்டிலை நீட்ட முடியாது. ஆறடி அகலம் வேண்டாம் என்பதற்குக் காரணம் படிக்கட்டுத் திருப்பமும் லிஃப்டும். உட்புற அளவில் மெத்தையை விட அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள், விரிப்பைச் செருகக் கை நுழைய வேண்டும். மெத்தையோடு சேர்த்து உட்காரும் உயரம் 18 முதல் 20 அங்குலத்துக்குள் இருந்தால் வயதானவர்களும் எழுந்துகொள்ள முடியும். நீங்களும் ஒருநாள் மகள் வீட்டில் அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறவர்தானே. சில ஆசாரிகள் நீள அகலத்துக்கு மனையடிக் கணக்குப் பார்த்து அரை அங்குலம் கூட்டிக் குறைப்பார்கள். மெத்தை அடங்கும்வரை அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

பொருத்துகளில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். தலைமாடும் கால்மாடும் இரண்டு தனிச் சட்டகங்கள். இவற்றை ஒருபோதும் பிரிக்கப் போவதில்லை, ஆகவே நிரந்தரமாகப் பூட்டலாம். குறுக்குச் சட்டத்தின் முனையில் அரை அங்குலக் கனத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு நாக்கு எடுத்து, மூன்று அங்குலச் சதுரக் காலில் துளை அடித்து நுழைத்து, குறுக்கே மூங்கில் ஆணி இறக்குவது பழைய முறை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலில் ஆணித் துளை போட்ட பிறகு, நாக்கில் போடும் துளையை அரை நூல் அளவுக்கு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தோள்பட்டைப் பக்கமாக, அதாவது நாக்கு சட்டத்தோடு சேரும் இடத்தை நோக்கி, தள்ளிப் போட வேண்டும். ஆணி இறங்கும்போது அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டப் பார்த்து, நாக்கைத் துளைக்குள் இறுக்கி இழுக்கும். பசை இல்லாமலேயே அந்த மூட்டு பல தலைமுறைக்கு நிற்கும். உங்கள் ஆசாரி இதைத் தானாகவே செய்கிறாரா என்று கவனியுங்கள். செய்தால் மற்ற வேலைகளில் அவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடலாம்.

நெடுஞ்சட்டங்கள் இரண்டும்தான் கழற்ற வேண்டியவை. ஏழு அங்குல உயரம், ஒன்றரை அங்குலக் கனம் இருக்கட்டும். இவற்றைக் காலோடு சேர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கடைக் கட்டில்களில் வரும் தகட்டுக் கொக்கி எனக்குப் பிடிக்காது. ஏழெட்டு முறை கழற்றி மாட்டினால் திருகாணிகள் மரத்தில் பிடி இழந்துவிடும், புரண்டு படுத்தாலே சத்தம் போடும். இரண்டாவது, நாக்கைக் காலுக்கு வெளியே வரை நீட்டி அதில் துளையிட்டு ஆப்பு இறக்குவது. பார்க்க அழகு, ஒரு சுத்தியல் போதும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன அறையில் சுவரை ஒட்டிப் போட முடியாது, இருட்டில் முழங்காலில் இடிக்கும். நான் சொல்வது மூன்றாவது வழி. முக்கால் அங்குலக் குட்டை நாக்கு ஒன்று காலுக்குள் உட்கார்ந்து பாரத்தைத் தாங்க வேண்டும். காலின் வெளிப்பக்கத்திலிருந்து 3/8 அங்குல ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்று சட்டத்துக்குள் நீளமாகப் போக வேண்டும். சட்டத்தின் உட்பக்கத்தில் சின்னக் குழி வெட்டி அதில் நட்டை வைத்து இறுக்க வேண்டும். போல்ட் தலையை மறைக்க ஒரு பலா மூடி. இரும்பே வேண்டாம், முழுக்க மரத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் பாரம் மரத்தின் மேல்தான் நிற்கிறது. போல்ட் வெறுமனே விலகாமல் பிடித்துக்கொள்கிறது. சாதாரண அளவு போல்ட்டாக இருந்தால் தொலைந்தால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சாதா இரும்பு மட்டும் வேண்டாம். கடற்கரைக் காற்றில் துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும் திட்டமே போயிற்று. இன்னொன்று: ஒரே காலுக்குள் குறுக்குச் சட்டத்தின் துளையும் நெடுஞ்சட்டத்தின் துளையும் ஒரே உயரத்தில் முட்டிக்கொள்ளக் கூடாது. ஒன்றைச் சற்று ஏற்றியோ இறக்கியோ வைக்கச் சொல்லுங்கள். நான்கு மூட்டுகளிலும் உளியால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கீறி வையுங்கள். ஐம்பது வருடம் கழித்து எது எந்த மூலை என்று குழம்பக் கூடாது.

தலைமாட்டுப் பலகையை நான்கு பக்கமும் ஒட்டிவிடுவது பரவலான தவறு. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். பதினெட்டு அங்குல அகலப் பலகை ஒரு வருடத்துக்குள் ஒரு நூல், சில சமயம் அதற்கு மேலும், போய்வரும். ஏசி அறை என்றால் இன்னும் கூடும். ஆகவே சட்டங்களில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, பலகையை அதற்குள் பசையில்லாமல் செருகி, மேலும் கீழும் ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். சட்டத்தில் பூட்டும் முன்பே பலகைக்குப் பாலிஷ் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கோடையில் ஓரத்தில் பாலிஷ் படாத வெள்ளைக் கோடு தெரியும். பூவேலை வேண்டும் என்றால் தலைமாட்டின் மேல்சட்டத்தில் கொஞ்சம் போதும். பேத்தியின் ரசனை என்னவாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

படுக்கும் தளத்துக்கு பிளைவுட் போடாதீர்கள், குறிப்பாக உங்கள் ஈரப்பதத்தில். மெத்தைக்குக் கீழே காற்று போகாமல் பூஞ்சை பிடிக்கும். மூன்று அங்குல அகலப் பட்டிகளை இரண்டு அங்குல இடைவெளியில் குறுக்கே வைத்து, நடுவில் நீளமாக ஒரு தாங்குச் சட்டமும் அதற்கு ஒன்றிரண்டு குட்டைக் கால்களும் கொடுங்கள். பட்டிகளை ஆணி அடிக்க வேண்டாம், சட்டத்தின் உட்பக்கத்தில் பொருத்திய ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்தால் போதும். அப்போதுதான் ஒன்று ஒடிந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். பலாவின் மஞ்சள் தண்ணீரில் இறங்கும். பௌத்தத் துறவிகளின் ஆடைக்கே அதில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பட்டிகளுக்கும் இரண்டு பூச்சுப் பாலிஷ் கொடுத்துவிட்டால் மெத்தை உறையில் கறை படாது.

கட்டில் முதலில் கெடுவது எங்கே தெரியுமா? காலின் அடியில். நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம், அந்தத் தண்ணீரைக் காலின் முனை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓர் அங்குல உயரத்துக்குத் தனிக் கட்டை ஒன்றைப் பித்தளைத் திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். பத்திருபது வருடத்தில் அது உளுத்தால் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், காலுக்கு ஒன்றும் ஆகாது. இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை, ஆனால் கேட்காமல் யாரும் செய்து தர மாட்டார்கள்.

பசை பலகைகளை அகலமாக ஒட்டும் இடத்தில் மட்டும் இருக்கட்டும், அதற்கு ஃபெவிகால் போதும். மூட்டுகளுக்குப் பசை போட்டே தீருவேன் என்று ஆசாரி சொன்னால், பழைய வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல் எலும்பிலிருந்து காய்ச்சும் பசை, கிடைக்குமா என்று கேளுங்கள். அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், ஆகவே பின்னால் வருபவர் மூட்டை உடைக்காமல் பிரிக்கலாம்.

பாலிஷிலும் அதே யோசனைதான். பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஆனால் ஓரிடத்தில் கீறல் விழுந்தால் மொத்தத்தையும் சுரண்டி எடுத்துத்தான் திரும்பப் போட வேண்டும். அரக்கில் செய்யும் பிரெஞ்ச் பாலிஷ் அப்படியில்லை. ஸ்பிரிட்டில் கரைவதால் புதுப் பூச்சு பழையதோடு கலந்துவிடும், கீறல் விழுந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும் என்பது அதன் குறை. கட்டிலில் அந்தப் பிரச்சினை குறைவு. எளிமையாக வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெய் மூன்று நான்கு பூச்சு, பிறகு வருடத்துக்கு ஒருமுறை ஒரு துடைப்பு. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பலகையின் மேல்பக்கத்துக்கு எத்தனை பூச்சோ அடிப்பக்கத்துக்கும் அத்தனை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

ஆசாரியிடம் மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசாமல் தினக்கூலிக்குப் பேசுங்கள். மொத்தத் தொகை என்றால் எந்த மூட்டும் அவசரத்தில்தான் அடிபடும், அது அவர் குற்றமும் இல்லை. முதல் சந்திப்பில் அவர் முன்பு செய்த கட்டில் ஒன்றை, அதுவும் பத்து வருடமாவது ஆன ஒன்றை, போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இழைத்த பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கால்மாட்டில் கை வைத்து ஆட்டிப் பாருங்கள்.

மிஞ்சும் பலகையில் நெடுஞ்சட்ட அளவுக்கு ஒன்று, கால் அளவுக்கு ஒன்று, நாலு பட்டி, அரைப் பிடி மூங்கில் ஆணி ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அதே மரம், அதே வயது, அதே நிறம் பின்னால் எங்கேயும் கிடைக்காது. கட்டிலுக்குக் கீழேயே ரீப்பரில் கட்டி வைத்துவிட்டால் வீடு மாறும்போது அவையும் கூடவே போகும். வெளிறெல்லாம் விறகுக்கு.